ஒரு வேலி

எங்கள் கணக்கில் அது ஒரு வேலி.
இருபது மா.
சாரநாதன் கொண்டுவந்த வரைபடத்தில்
ஆறு ஏக்கர் அறுபத்தேழு செண்ட்,
முழுக்கப் பச்சை மை.

காடாக்கப் போகிறாராம்.
புனேயிலிருந்து வந்த கையோடு
கடைத்தெருவில் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு
"மரத்துக்கு மேட்டூர் திறக்க வேண்டாம் பாருங்கள்" என்றார்.
கடைமடைக்காரர்கள், சிரிக்காமல் இருப்போமா.
டீயும் சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்துதான் எண்ணினேன்.
மாவுக்கு ஐந்து பேர் நடவு.
இருபது மாவுக்கு நூறு ஆள்கூலி.
களைக்கு ஓர் அறுபது.
அறுப்பு எப்போதோ மெஷினோடு போயிற்று,
நடவு இனி மரத்தோடு.

உத்திராபதி அண்ணன்
அந்த நிலத்தில் முப்பத்தொரு சம்பா பார்த்தவர்.
குத்தகைப் பதிவில் பெயர் இல்லை.
அவர் அப்பா பெயரை ஒருகாலத்தில் எழுதினார்களாம்,
தாலுகா ஆபீசில் கேட்டால்
கரையான் என்கிறார்கள்.
சாரநாதன் நல்லவர். கிண்டலாகச் சொல்லவில்லை.
பதிவே இல்லாத ஆளுக்கு ஒன்றரை லட்சம் தந்தார்,
இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.
கூட்டுறவுக் கடனுக்குப் போக மிச்சத்தில்
அண்ணன் ஆடு வாங்கினார்.
அதுதான் வினையாயிற்று.

வேலிக்கு வேலி வந்தது.
சிமெண்ட் கால், ஐந்து வரிசை முள்கம்பி.
தழையெல்லாம் உள்ளே,
ஆடு வெளியே.
எங்கள் தென்வரப்பும் உள்ளே.

என்னைக் கன்று வளர்க்கக் கூப்பிட்டார்கள்.
திருச்சியிலிருந்து வந்த பையன்
அச்சடித்த பட்டியல் வைத்திருந்தான்,
இந்த மண்ணின் மரங்கள் இருபத்தெட்டு.
விதை எங்கே கிடைக்கும் என்று
ஒவ்வொன்றாக வாசித்தான்:
வீரை, காசான், குருந்து, மாவிலங்கம், நறுவிலி.
எல்லாம் எங்கள் சுடுகாட்டுப் புதரில் இருக்கிறது தம்பி என்றேன்.
எப்படி அங்கே மட்டும் தப்பியது?
ஊர்த்தெரு கால் அங்கே பட்டதில்லை
என்று சொல்ல வாயெடுத்து,
நறுவிலிப் பழத்தின் பிசுபிசுப்பைச் சேலையில் துடைத்து
கொட்டையைப் பையில் போட்டேன்.
கிலோ இருநூறு ரூபாய்.

மறு ஐப்பசியில் பாக்கியவதி சின்னம்மா செத்தாள்.
வாய்க்கால் உடைத்துக்கொண்டு கிடந்தது,
தார்ச்சாலை சுற்றிப் போனால் நாலு மைல், அதிலும் இடுப்பளவு.
தென்வரப்புதான் வழி. எந்தக் காலத்திலும் அதுதான் வழி,
எழுதி வைத்ததில்லை.
கேட்டுக்குப் பூட்டு.
பையன் புனேக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தான்,
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
சாவி என் இடுப்பில்.

திறந்தேன்.

பாடை உள்ளே வந்தது. மழையில் வரப்பும் தெரியவில்லை,
வரிசையும் தெரியவில்லை.
நான் முன்னால் நடந்தபடி
"கன்றைப் பார்த்து, கன்றைப் பார்த்து" என்றேன்.
இரண்டாம் தடவை சொல்லும்போதுதான்
அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தது.
நெல் நின்ற காலத்தில்
இதே இடத்தில் குடை பிடித்து நின்று
பயிரைப் பார்த்துப் போங்கடா என்பார்
இவர் தாத்தாவின் காரியக்காரர்.
தூக்கிய நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆனாலும் ஒதுங்கித்தான் நடந்தார்கள்.

பதினொரு கன்று முறிந்தது.
நோட்டில் காரணம் என்ற கட்டத்தில்
பையன் கொஞ்சநேரம் பேனாவை வைத்திருந்து
மழை என்று எழுதினான்.

தை மாதம் புது வரைபடம் வந்தது.
தெற்கு ஓரம் ஆறடி, மை படாமல் வெள்ளையாக.
நடக்கூடாத இடமாம்.
வழி என்று எழுதவில்லை சாரநாதன்,
தீத்தடுப்புப் பாதை என்று எழுதியிருக்கிறார்.
கொள்ளிச்சட்டி தூக்கிப் போகிற பாதைக்கு
அப்படி ஒரு பெயர்.
வாசித்துச் சொன்னதும்
உத்திராபதி அண்ணன் இருமும் வரை சிரித்தார்.

நறுவிலி இரண்டு இலை விட்டிருக்கிறது.
அண்ணனின் கிடாவுக்கு அதன் வாசம் தெரிந்துவிட்டது,
கம்பியில் மூக்கை வைத்தபடி நிற்கிறது.
சாவி இன்னும் என்னிடம்தான்.